ஏனைய கருத்துகள் இருப்பின்

குடாக்கரைக் கல்வி வலயத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தபோது, நாவலடிக்குடா மகா வித்தியாலயத்தில் அதை வாசித்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் ராசமலர் டீச்சர்தான். மற்ற ஆசிரியர்கள் கையொப்பம் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டார்கள்.

ராசமலர் அங்கே சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறவள். சாம்பல்தீவைத் தாண்டிக் கடற்கரையோரமாக வந்தால், சவுக்கு மரங்களுக்குப் பின்னால் தெரிகிற மஞ்சள் கட்டடம்தான் பள்ளிக்கூடம். பிள்ளைகளில் பாதிப்பேரின் தகப்பன்மார் கடலுக்குப் போகிறவர்கள். மற்றவர்களின் தாய்தகப்பன் துறைமுகப் பக்கம் கூலிவேலைக்கும் கன்ரீன் வேலைக்கும் விடிய பஸ் ஏறுகிறவர்கள். ‘கட்டிளமைப் பருவத்தினரின் சுகாதாரமும் பாடசாலைப் பாதுகாப்பும்: மாணவர் குரலைச் செவிமடுக்கும் அநாமதேய ஆய்வு’ என்று சுற்றறிக்கையின் தலைப்பில் இருந்தது. இவ்வளவு காலமும் பிள்ளைகளைப் பார்த்துச் சத்தம்போடத்தான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்களிடம் ஒன்றைக் கேட்பதற்கென்று அரசாங்கம் காகிதம் அச்சடித்திருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாகவும் இருந்தது.

ஆய்வை எப்படி நடத்துவது என்று விளங்கப்படுத்துவதற்கு வலயத்தில் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, மௌன அஞ்சலி செலுத்தி, வரவேற்புரையும் வாழ்த்துரையும் முடிந்து, உதவிக் கல்விப் பணிப்பாளர் திருமதி குணேஸ்வரி பேச எழுந்தபோது மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது. அதனால் அவர் சுருக்கமாகப் பேசினார்.

“அநாமதேயம் என்றால் என்ன? யார் எழுதினார் என்பது எவருக்கும் தெரியாது. இந்த உலகத்தில் எவருக்கும் தெரியாது. இதைப் பிள்ளைகள் பூரணமாக நம்பவேண்டும். நம்பாத பிள்ளைகள் யாராவது இருந்தால், அவர்களுடைய பெயர், தரம், சுட்டெண் ஆகியவற்றை எனக்கு உடனடியாக அறியத் தாருங்கள்.”

ஆசிரியர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். ராசமலரும் எழுதினாள். பிறகு தனக்குத் தந்த வினாக்கொத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழும்பினாள்.

“மேடம், இதில முதல் பக்கத்தில பிள்ளையின்ர பேரும் கையெழுத்தும் கேட்டிருக்கே?”

“அது வினாக்கொத்து அல்ல டீச்சர். உறுதிமொழிப் பத்திரம். வாசித்துப் பாருங்கள்.”

ராசமலர் வாசித்தாள். ‘இந்த ஆய்வில் எனது பெயரை எங்கும் எழுதமாட்டேன் என்று இத்தால் உறுதியளிக்கிறேன்’ என்று இருந்தது. கீழே பெயர், கையொப்பம், பெற்றோரின் பெயர், அடையாள அட்டை இலக்கம்.

“ஆனா ரெண்டையும் சேர்த்துப் பின் அடிச்சிருக்கே, மேடம்.”

“உறுதிமொழி காணாமல் போனால் பிள்ளையின் அநாமதேயத்துக்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டார் குணேஸ்வரி. சபையில் இருந்த பலர் தலையாட்டினார்கள். ராசமலருக்கும் ஒரு நிமிஷம் அது சரிபோலத்தான் தோன்றியது. பார்சலைப் பிரித்து முதல் வாய் வைக்கும்போதுதான் சரியில்லை என்று பட்டது. அதற்குள் மேடம் வாகனத்தில் ஏறிவிட்டார்.

ஆய்வு நடந்த அன்று தரம் பத்துப் பிள்ளைகள் எல்லோரையும் மண்டபத்தில் இருத்தினார்கள். வினாக்கொத்து எங்கேயோ குளிர்நாட்டில் தயாரித்து, கொழும்பில் மொழிபெயர்த்தது. ‘பனிப்பொழிவுக் காலத்தில் பாடசாலைக்கு வரும்போது கையுறை அணிவீர்களா?’ என்று நாலாவது கேள்வி.

“டீச்சர், இது மார்கழிப் பனியோ?” என்று ஒரு பெடியன் கேட்டான்.

“ஓம். அப்பிடி நினைச்சு எழுதும்,” என்றாள் ராசமலர்.

“அப்ப கையுறை?”

“விக்கற் கீப்பிங் செய்யேக்க போடுறதைச் சொல்லும்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் மற்றக் கேள்விகள் அப்படியில்லை. பள்ளிக்கூடத்தில் பயமாக உணர்ந்தது உண்டா, யாராவது தொல்லை கொடுத்தார்களா, மனம் விட்டுப் பேச ஒருவர் இருக்கிறாரா, பள்ளியில் இருக்கும்போது எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறீர்கள். கேட்கவேண்டிய கேள்விகள்தான். கடைசிப் பக்கத்தில் ‘ஏனைய கருத்துகள் இருப்பின்’ என்று போட்டுக் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருந்தார்கள். பிள்ளைகள் குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.

நடு வரிசையிலிருந்து பிரியங்கினி கையை உயர்த்தினாள். வலைப்பந்து அணியில் விளையாடுகிற, நெட்டையான, அதிகம் வாய் திறக்காத பிள்ளை.

“டீச்சர், உண்மையை எழுதலாமோ?”

“அதுக்குத்தானே கேட்டிருக்கு.”

“பிறகு ஆர் எழுதினது எண்டு கேக்க மாட்டினமோ?”

ராசமலர் அவளைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்காக எல்லாப் பெண்பிள்ளைகளும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள்.

“ஒருத்தரும் கேக்க மாட்டினம். அதுக்கு நான் பொறுப்பு.”

அவள் பொறுப்பைச் செய்தாள். தாள்களைச் சேர்த்ததும் ஆசிரியர் அறையில் இருந்து ஒவ்வொரு வினாக்கொத்திலிருந்தும் பின்னைக் கழற்றினாள். உறுதிமொழிகளை வேறு கட்டாகவும் வினாக்கொத்துகளை வேறு கட்டாகவும் கட்டினாள். இரண்டாவது கட்டைச் சீட்டுக்கட்டுப்போல நன்றாகக் கலக்கியும் விட்டாள். ‘பின்கள் அனுமதியின்றி அகற்றப்பட்டமை’ குறித்து வலயத்திலிருந்து அவளுக்கு விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. ‘பின்கள் துருப்பிடித்திருந்தன’ என்று பதில் எழுதினாள். துருப்பிடிக்காத பின்களை வாங்குவது பற்றிப் பரிசீலிப்பதாக வலயம் திருப்பி எழுதியது.

ஆய்வின் பெறுபேறுகளை ஆராயும் கூட்டத்துக்கு அதிபர் மூத்ததம்பி ராசமலரையும் கூட்டிக்கொண்டு போனார். மூத்ததம்பி சேர் ஓய்வுபெற இருக்கிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எந்தக் காகிதத்திலும் தன் பள்ளிக்கூடத்தின் பெயர் சிவப்பு மையில் வந்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய பிரார்த்தனை.

“நாவலடிக்குடாவின் சராசரி நீர் அருந்துதல் மிகத் திருப்தி,” என்று குணேஸ்வரி மேடம் திரையில் ஒரு நீல நிறக் கோட்டைக் காட்டினார். “ஆனால் ஒரு குறைபாடு. பெண் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இந்தக் கேள்விக்குப் பதில் அளிக்கவில்லை.”

கணினியில் தரவு ஏற்றிய இளைஞன் மூலையில் இருந்து மெல்லச் சொன்னான்: “அவங்க எழுதியிருந்தாங்க மேடம். பூச்சியம் எண்டு எழுதியிருந்தாங்க. சிஸ்டம் பூச்சியத்தை எடுக்குதில்ல. ஒன்றிலயிருந்துதான் தொடங்குது. அதால வெறுமையா விட்டன்.”

“பார்த்தீர்களா? சிஸ்டம் ஏற்காத பதிலைப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அறிவுறுத்தல்களை வாசிக்கும் பழக்கம் இல்லை,” என்றார் மேடம்.

ராசமலர் மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். பூச்சியம். ஏழு மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டு இரண்டு மணிக்குப் பிறகு வீடு போய்ச் சேரும்வரை, இந்த வெயிலில். அவர்களுக்குத்தான் அவள் ஒவ்வொரு தவணையும் ‘உடலுக்கு நீரின் அவசியம்’ என்று கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

மேடம் ஒரு தாளைத் தனியாக உயர்த்திப் பிடித்தார். “இனி, இது. ‘ஏனைய கருத்துகள்’ பகுதியில் ஒருவர் எழுதியது. வாசிக்கிறேன்.”

‘பொம்பிளைப் பிள்ளையளின்ர மலசலகூடத்துக்குக் கதவு இல்லை. பின் மதில் இடிஞ்சு கிடக்கு. அதால ஆம்பிளையள் வந்து நிண்டு எட்டிப் பாக்கிறவை. ஒரு நாள் போனில படமும் பிடிச்சவை. அதால நாங்கள் வீட்டை போகுமட்டும் தண்ணி குடிக்கிறேல்லை. கதவு ஒண்டு போட்டுத் தாங்கோ.’

முன்வரிசையில் இருந்த ஒரு டீச்சர் வாயில் கைவைத்துக்கொண்டார். கதவு உடைந்தது ராசமலருக்குத் தெரியும். போன வாடைக்காற்றில் போனது. அதைப்பற்றி அதிபருக்கு எழுதியும் கொடுத்திருந்தாள். மதிலோரம் ஆட்கள் நிற்பது அவளுக்குத் தெரியாது. ஆசிரியர்களின் மலசலகூடம் முன்பக்கம், பூட்டும் திறப்புமாக இருக்கிறது.

“இது மிகவும் பாரதூரமான விஷயம்,” என்றார் மேடம். ராசமலர் மூச்சுவிட்டாள். “தரம் பத்தில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் வராது. ‘நிண்டு’. ‘ஒண்டு’. ‘தாங்கோ’. இந்த அறிக்கை அமைச்சுக்குப் போகிறது, வெளிநாட்டவர் வாசிக்கப் போகிறார்கள். இதை எழுதியது யார்?”

“அது தெரியாது தானே மேடம்,” என்று ராசமலர் எழும்பினாள். “அநாமதேயம்.”

“அதனால்தான் கேட்கிறேன். எழுதியவர் யார் என்று கண்டுபிடித்தால்தானே அவருடைய அநாமதேயத்தை நாங்கள் பாதுகாக்கலாம்? யாரென்றே தெரியாத ஒருவரை எப்படி டீச்சர் பாதுகாப்பது?”

இதற்கும் பலர் தலையாட்டினார்கள்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் மூத்ததம்பி சேர் பேச்சை எடுத்தார்.

“டீச்சர், கதவு இல்லாதது ஒரு பிரச்சினையே இல்லை. கதவு இல்லை எண்டு எழுதினதுதான் பிரச்சினை.”

“ஏன் சேர்?”

“வசதிகள் பற்றின வருடாந்தப் படிவத்தில நான் ‘கதவு உண்டு’ எண்டு போட்டிட்டன். அதாலதான் எங்களுக்குப் ‘பாதுகாப்பான பாடசாலை’ நட்சத்திரம் கிடைச்சது. இப்ப கதவு கேட்டால், இருக்கிற கதவுக்கு மேல இன்னொரு கதவு ஏன் எண்டு கேப்பினம். இருந்த கதவு எங்க எண்டு கணக்காய்வு வரும்.” அவர் குரலைத் தணித்தார். “உங்களுக்கு எழுத்தைப் பாக்க ஆளைத் தெரியும். ஆறாம் ஆண்டிலயிருந்து நீங்கள்தானே படிப்பிக்கிறீங்கள். பேரைச் சொல்லுங்கோ. தாயைக் கூப்பிட்டுப் பக்குவமாக் கதைச்சு விடுவம்.”

“எனக்குத் தெரியேல்ல, சேர்.”

தாளை மேடம் உயர்த்திப் பிடித்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வலைப்பந்துக் கம்பம்போல நிமிர்ந்த எழுத்து.

ஆளைச் சொல்லாததால் வலயம் வேறு வழி பார்த்தது. அடுத்த கிழமை ‘எழுத்தாற்றல் மேம்பாட்டு வாரம்’ என்று அறிவித்து, தரம் பத்துப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வதெழுதல் வைத்தார்கள். பெடியன்களின் எழுத்தாற்றல் ஏற்கெனவே போதுமானது என்று கருதப்பட்டது. குணேஸ்வரி மேடமே நேரில் வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

“தோட்டத்துக்குக் கதவு இல்லை. முற்றுப்புள்ளி. பின் மதில் இடிந்து கிடக்கிறது. முற்றுப்புள்ளி. மாடு எட்டிப் பார்க்கிறது. முற்றுப்புள்ளி. அதனால் ஆடு தண்ணீர் குடிப்பதில்லை.”

மண்டபத்தில் ஒரு பேனையும் அசையவில்லை. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்க்கவும் பயந்துபோய்க் குனிந்திருந்தார்கள். பிறகு அவர்கள் எல்லோரும் ஒன்றாகத் திரும்பி, வாசலில் நின்ற ராசமலரைப் பார்த்தார்கள். கேட்க மாட்டார்கள் என்று சொன்ன டீச்சர். ராசமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுதுங்கள் பிள்ளைகள். ‘மாடு எட்டிப் பார்க்கிறது,’” என்றார் மேடம்.

பிரியங்கினி எழுதத் தொடங்கினாள். ஒரு வரி எழுதினாள். பேனையை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளிறி, உதடு நடுங்கி, அப்படியே மேசையோடு சரிந்தாள். ராசமலர் ஓடிப்போய்த் தூக்கியபோது உடம்பு கொதித்தது.

“தாளை யாரும் எடுக்கவேண்டாம்,” என்றார் மேடம். “அதில் ஒரு வரி இருக்கிறது. ஒப்பிட அது போதும்.”

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, “சலத்தில கிருமி. கிட்னி வரைக்கும் போயிட்டுது. கொஞ்ச நாள் ஊசி போடவேணும்,” என்றார். “பிள்ளை தண்ணி குடிக்கிறேல்லையோ? அடக்கி வைச்சுக்கொண்டிருக்கிறவவோ?”

தாய் ஜெயரூபி துறைமுகக் கன்ரீனில் சமைக்கிறவள். செய்தி கேட்டு, மஞ்சள் கறை படிந்த உடுப்போடேயே வந்திருந்தாள்.

“வீட்டில நல்லாக் குடிக்கிறவள் டொக்டர். பள்ளிக்கூடத்தால வந்து செருப்பும் கழற்றாமல் கக்கூசுக்குத்தான் ஓடுவாள். பிறகு செம்பு செம்பாக் குடிப்பாள். நான் பேசுவன், என்னடி பள்ளிக்கூடத்தில தண்ணியில்லையோ எண்டு.” அவள் ராசமலர் பக்கம் திரும்பினாள். “பள்ளிக்கூடத்தில தண்ணியில்லையோ டீச்சர்?”

“தண்ணி இருக்கு.”

“அப்ப?”

ராசமலர் சொன்னாள். கதவு, மதில், ஆட்கள், போன். சொல்லச் சொல்ல ஜெயரூபியின் முகம் இறுகியது. கட்டிலில் பிரியங்கினி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். நித்திரை இல்லை.

“நீங்கள் சுகாதாரம் படிப்பிக்கிற டீச்சர்தானே?” என்று ஜெயரூபி கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. சரிபார்ப்பதற்காகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“ஓம்,” என்றாள் ராசமலர்.

அடுத்த நாள் அவளை அதிபரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். எழுத்து ஒப்பீட்டுக் குழு தன் வேலையை முடித்திருந்தது. குழுவில் மேடம், அதிபர், நிபுணராகச் சித்திர ஆசிரியர். மேசை முழுக்கச் சொல்வதெழுதல் தாள்கள் பரவிக் கிடந்தன.

சித்திர ஆசிரியர் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். “எல்லாப் பிள்ளையளின்ர எழுத்தும் ஒண்டுபோலத்தான் இருக்கு. எல்லாம் ஒரே கரும்பலகையைப் பாத்துப் பழகினதுகள். கூடப் பொருந்துறது ஆரின்ர எண்டு பார்த்தால்...” அவர் ராசமலரின் பாடக்குறிப்புக் கொப்பியைத் திறந்து வைத்தார். “டீச்சரின்ரதுதான்.”

“நீங்கள்தான் எழுதினீர்களா?” என்றார் மேடம்.

ராசமலருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மற்றவர்கள் சிரிக்கவில்லை.

“இல்லையென்றாலும் பிரச்சினையில்லை,” என்று மேடம் தொடர்ந்தார். “அடுத்தபடி அதிகம் பொருந்துவது பிரியங்கினி என்ற பிள்ளையின் எழுத்து. சரியான நேரத்தில் மயங்கி விழுந்ததும் சந்தேகத்துக்கு இடமாக உள்ளது. ஆஸ்பத்திரிக்கே ஒரு விசாரணைக் குழுவை அனுப்பலாம். பிள்ளைக்கு அசௌகரியம் ஏற்படாதவாறு கட்டிலருகே கதிரைகள் போட்டு, எழுத்தில் ஒரு வாக்குமூலம். பெற்றோர், கிராம உத்தியோகத்தர் முன்னிலையில்.”

ராசமலரின் கண்முன்னே அந்தக் கட்டில் வந்தது. கையில் ஊசி குத்திக் கிடக்கிற பிள்ளையைச் சுற்றிக் கதிரைகள். ஊர் முழுக்கக் கதை பரவும், போனில் பிடிபட்டது இவள்தானாம் என்று. அவள் அதிகம் யோசிக்கவில்லை.

“நான்தான் எழுதினனான்.”

அறைக்குள் இருந்த இறுக்கம் அந்த நிமிஷமே தளர்ந்தது. சித்திர ஆசிரியர் தாள்களை அடுக்கத் தொடங்கினார். அதிபர் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். மேடம்கூடப் புன்னகைத்தார்.

“நேர்மைக்கு நன்றி டீச்சர். உங்கள் மீது நடவடிக்கை வரும், அது வேறு. ஆனால் தரவு தூய்மையாகிவிட்டது. பதிலளித்தவர் மாணவர் அல்ல. ஆகவே அந்தக் கருத்து செல்லாது. நீக்கிவிடுகிறோம்.”

“அப்ப கதவு?” என்றாள் ராசமலர்.

“எந்தக் கதவு?”

ராசமலர் வாயைத் திறந்தாள். அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது.

பிரியங்கினி மெலிந்து, கழுத்தெலும்பு தெரியத் திரும்பி வந்தாள். முதல் நாளே ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

“டீச்சர், நீங்கள் எழுதினது எண்டு சொன்னனீங்களாம்?”

“உம்மை ஆஸ்பத்திரியில வந்து விசாரிக்கப் போறம் எண்டவை. அதால...”

“வந்தால் வரட்டும். நான் சொல்லியிருப்பன் தானே. கேக்க ஆக்கள் வர இருந்தவை, நீங்கள் மறிச்சுப் போட்டீங்கள்.” பிள்ளையின் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் குரல் உடையவில்லை. “நான் எவ்வளவு யோசிச்சு எழுதினனான் தெரியுமோ டீச்சர்? இப்ப அது இல்லையாம். ஒருத்தரும் எழுதேல்லையாம். என்ர காய்ச்சலும் சும்மா வந்ததோ?”

அவள் போய்விட்டாள். காப்பாற்றியதாக நினைத்திருந்ததை ராசமலர் அன்று முழுவதும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் பிள்ளை சொன்னதுதான் சரியாக இருந்தது.

அறிக்கை வெளியீட்டு விழாவை நாவலடிக்குடாவிலேயே வைப்பதென்று வலயம் தீர்மானித்தது. குறைபாடு எதுவும் பதிவாகாத ஒரே பாடசாலை அதுதானாம். புரட்டாதி வெயிலில் பெற்றோரைக் கூப்பிட்டு மண்டபத்தில் இருத்தினார்கள். மேடைக்குப் பின்னால் சுவரை மறைத்துப் பென்னம்பெரிய பிளாஸ்டிக் பதாகை. அதில் குணேஸ்வரி மேடம் கைகூப்பிச் சிரிக்க, பக்கத்தில் ‘உங்கள் குரல் எங்களுக்குக் கேட்கிறது’ என்று எழுதியிருந்தது. பெண்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ‘நீர் அருந்துவோம், நலம் பேணுவோம்’ என்று அச்சிட்ட ஊதாப் போத்தல் கொடுத்தார்கள். பிள்ளைகள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தியும் திறக்கவில்லை.

மேடம் பேசினார். “இந்த ஆய்வு எங்களுக்கு ஒரு உண்மையைக் கற்றுத் தந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை இருக்கிறது என்று அவர்களைச் சொல்லத் தூண்டும் சிலர்தான் பிரச்சினை. அவர்களையும் நாங்கள் இனங்கண்டு அகற்றிவிட்டோம்.” கைதட்டல். பின்வரிசையில் நின்ற ராசமலரைச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். “பிள்ளைகளே, இன்றும் சொல்கிறேன். பயப்படாமல் பேசுங்கள்.”

பிரியங்கினி எழும்பினாள்.

“என்ர பேர் பிரியங்கினி. தரம் பத்து. கக்கூசுக்குக் கதவு இல்லை எண்டு எழுதினது நான். டீச்சர் இல்லை.”

ஒலிபெருக்கி கீச்சென்றது. மூத்ததம்பி சேர் லேஞ்சியை எடுத்து நெற்றியை ஒற்றினார். மேடம் மட்டும் தடுமாறவில்லை.

“நல்லது மகள். துணிச்சலான பிள்ளை. ஒரு கைதட்டல் கொடுங்கள்.” கைதட்டினார்கள். “ஆனால் இது அநாமதேய ஆய்வு. இங்கே பெயர் சொன்னவர்களுடைய பதிலை நாங்கள் ஏற்பதற்கு விதிகளில் இடமில்லை. அமருங்கள்.”

பிரியங்கினி அமரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் போத்தலைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி எழும்பினாள். சும்மா நின்றாள்.

பெற்றோர் பக்கமிருந்து ஜெயரூபியின் குரல் வந்தது. “மேடம், நான் உங்கட ஆய்வில இல்லை. எனக்குப் பேர் இருக்கலாம் தானே? ஜெயரூபி. இவளின்ர தாய். கதவு எப்ப வரும்?”

“அம்மா, அடுத்த ஆய்வு இன்னும் இரண்டு ஆண்டில் நடக்கும். அதில் பிள்ளைகள் இதைக் குறிப்பிட்டால்...”

“ரெண்டு வருஷத்துக்கு அடக்கிக்கொண்டிருக்கட்டோ?”

யாரோ ஒரு தாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஜெயரூபி கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகத் தாய்மார் எழும்பினார்கள். மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு, சவுக்கு மரங்களைத் தாண்டிப் பின்பக்கம் போனார்கள். வெறும் கதவு நிலையையும், இடிந்த மதிலையும், மதிலுக்கு அந்தப்பக்கம் கிடந்த சிகரெட் கட்டைகளையும் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது அவர்களுடைய முகங்கள் வேறாக இருந்தன. மேடையில் மேடம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், அதிபர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெயரூபி மேடையில் ஏறினாள். ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே போய்ப் பதாகையின் ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்தாள். மறுமூலையை ராசமலர் அவிழ்த்தாள். எப்போது மேடைக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“டீச்சர், என்ன செய்யிறீங்கள்!” என்று பதறினார் மூத்ததம்பி சேர். “அதில மேடத்தின்ர படம் இருக்கு!”

“இருக்கட்டும் சேர்,” என்றாள் ஜெயரூபி, பதாகையைச் சுருட்டிக்கொண்டே. “எட்டிப் பாக்கிறவங்கள் மேடத்தைப் பாக்கட்டும்.”

பதாகையை மலசலகூட நிலையில் கட்டித் தொங்கவிட்டார்கள். மிச்சத்தை மதில் இடிந்த பக்கத்துக்கு இழுத்து மரத்தோடு கட்டினார்கள். மேடம் வாகனத்தில் ஏறும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கிழமையே வலயத்தின் பேஸ்புக் பக்கத்தில், தூரத்திலிருந்து எடுத்த ஒரு படம் வந்தது. ‘ஆய்வின் விளைவாகச் சமூகப் பங்களிப்புடன் மறைப்பு வசதி’ என்று கீழே எழுதியிருந்தார்கள். ராசமலருக்கு இடமாற்றக் கடிதமும் அதே கிழமைதான் வந்தது. மாவட்டத்தின் மறுகோடியில் ஈச்சிலம்பற்றுப் பக்கம், அடுத்த மாதத்திலிருந்து.

கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இடைவேளையில் அவள் பின்பக்கம் போனாள். பெண்பிள்ளைகளின் வரிசை சவுக்கு மரம்வரைக்கும் நீண்டிருந்தது. மதிலோரம் இரண்டு தாய்மார் கதிரை போட்டு இருந்து நெத்தலி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்து வந்து, அவர்களைக் கண்டதும் வேகம் கூடிப் போனது.

பிரியங்கினி பதாகையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். குழாயடியில் ஊதாப் போத்தலை நிரப்பி, நின்ற இடத்திலேயே அண்ணாந்து குடித்தாள். பிறகு ராசமலரின் பக்கத்தில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு அவள் டீச்சரோடு கதைக்கவில்லை.

“இது வாடைக்காத்துக்கு நிக்காது, டீச்சர்.”

“தெரியும்.”

“அப்ப?”

“திரும்ப எழுதுவம். இந்தமுறை எல்லாரும் பேர் போட்டு, கையெழுத்து வைச்சு எழுதுவம். நான் முதல்ல வைக்கிறன்.”

பிரியங்கினி போத்தலை மூடினாள்.

“ஆருக்கு டீச்சர் எழுதுறது?”

இடைவேளை முடிந்ததற்கான மணி அடித்தது. பிள்ளைகள் அசையவில்லை. தன் கந்தோர் அறை வாசலில் வந்து நின்று வரிசையைப் பார்த்த அதிபர், மணியை இன்னொருமுறை அடிக்கச் சொன்னார். முன்னால் நின்றவள் பதாகையை விலக்கி உள்ளே போனாள். அடுத்தவள் ஒரு அடி முன்னால் நகர்ந்து நின்றாள்.